ரூட்டை பிகேச் மேல ஏத்தலாமா? (120 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க்)

அரைடிக்கெட்:
வீட்டு டெஸ்க்டாப்ல டெபியன் 12 லினக்ஸ். ஹார்ட் டிஸ்க்ல ரூட் (சிஸ்டம் ஃபைல்), ஹோம் (என் ஃபைல்) எல்லாம் ஒரே பார்ட்டிஷன், 400 ஜிபி நிறைஞ்சிருக்கு. பழைய லேப்டாப்ல கழட்டின 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு சும்மா கிடக்கு. அதைக் கேச்சா வச்சு ரூட்டை பிகேச்சுக்கு (அடிக்கடி தொடற டேட்டாவை எஸ்எஸ்டியில வச்சு ஹார்ட் டிஸ்க்கை வேகமாக்கற லினக்ஸ் கர்னல் வசதி) மாத்தலாம்னு யோசனை. காப்பி எடுக்க வெளி டிஸ்க் இருக்கு. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

திண்ணை:
ஹோமைக் கழிச்சா உங்க ரூட் எவ்வளவு தேறும்? 25 ஜிபி? அதைத் தூக்கி நேரா எஸ்எஸ்டியில போடுங்க, ஹோம் இருந்த இடத்துலயே இருக்கட்டும். முழுசா உள்ள அடங்குற சாமானுக்கு எதுக்கு தம்பி கேச்?

அரைடிக்கெட்:
மெதுவா இருக்கறது ரூட் மட்டும்னா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேண்ணே. ரெண்டு விர்ச்சுவல் மெஷின், பிரவுசர் புரொஃபைல், கிட் ரெப்போ எல்லாம் ஹோம்லதான் கிடக்கு. எதை அடிக்கடி தொடறேன், எதைத் தொடறதில்லன்னு நானே பிரிச்சு சிம்லிங்க் போட்டு மேய்க்கணும். அந்த வேலையை கேச் பாக்கட்டுமேன்னுதான்.

கொசுவலை:
2016லேர்ந்து என் ரூட் பிகேச்லதான் ஓடுது. 2013லயே 3.10 கர்னல்ல சேந்த சங்கதி, புதுசு ஒண்ணும் இல்ல. 4 எம்பிக்கு மேல தொடர்ச்சியா போற படிப்பை அது கேச்ல சேக்காது, அதனால படம் பாத்தா கேச் நாசமாகாது. பூட் ஆகும்போது படிக்கறதெல்லாம் சின்னச் சின்ன ஃபைல், அங்கதான் வித்தியாசம் தெரியும். முதல் பூட் பழையபடிதான் இருக்கும், ஏமாந்துடாதீங்க.

பிகேச்-டூல்ஸை மட்டும் வச்சு இருக்கற பார்ட்டிஷனை அப்படியே மாத்த முடியாது. பிகேச் தன் சூப்பர்பிளாக்கை (அடையாளக் குறிப்பை) முன்னாடி வச்சுக்கும், டேட்டா 8 கேபி தள்ளித்தான் தொடங்கும். அதனால இப்பவே பிகேச்-டூல்ஸ் போட்டுட்டு, லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி எல்லாத்தையும் வெளி டிஸ்குக்கு ஆர்சிங்க் (காப்பி) பண்ணுங்க. பழைய பார்ட்டிஷனை வைப்எஃப்எஸ் பண்ணி (பழைய அடையாளத்தை அழிச்சு), மேக்-பிகேச் கட்டளை, அது மேல புது எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம், திரும்ப ஆர்சிங்க். ஏசிஎல், எக்ஸ்டென்டெட் ஆட்ரிபியூட், ஹார்ட்லிங்க் மூணுக்கும் உள்ள ஆப்ஷனை விட்றாதீங்க. நான் நடுவுல உள்ளதை விட்டேன், பிங்குக்கான அனுமதி அதுலதான் இருந்துச்சு, சாதா யூசரா பிங் அடிச்சா அனுமதி இல்லன்னுச்சு.

பூட்லோடர் கிரப்புக்கு பிகேச் படிக்கத் தெரியாது, பூட் டைரக்டரிக்குத் தனி பார்ட்டிஷன் வேணும். எஃப்எஸ்டேப்ல (எதை எங்க மவுண்ட் பண்ணணும்ங்கற பட்டியல்) பிகேச்0ன்னு பிகேச் உருவாக்கற டிஸ்க் பேரை எழுதாதீங்க, யூயூஐடி (மாறாத அடையாள எண்) போடுங்க. கடைசியா குரூட் பண்ணி (லைவ்லேர்ந்து புது ரூட்டுக்குள்ள நுழைஞ்சு) இனிட்ராம்எஃப்எஸ்ஸை (ரூட் மவுண்ட் ஆகறதுக்கு முன்னாடி ஓடற குட்டி சிஸ்டம்) அப்டேட் பண்ணணும்.

திண்ணை:
எல்லாம் சரி. எஸ்எஸ்டி செத்தா?

கொசுவலை:
ரைட்த்ரூதானே டிஃபால்ட். எழுதறது எல்லாம் ஹார்ட் டிஸ்குக்கும் போயிடும். ஒரு பைட் போகாது.

திண்ணை:
டேட்டா போகாது. மெஷின் எழுந்திருக்குமா? கேச்சோட ஒருதடவை சேத்துட்டா, அடுத்த பூட்ல கேச் டிவைஸ் காணலன்னா ஹார்ட் டிஸ்க் தானா ஓடாது, காத்துட்டே இருக்கும். பிகேச்0 பிறக்கவே பிறக்காது. டேட்டா டிஸ்க்னா லாகின் ஆகி சாவகாசமா சரி பண்ணலாம். ரூட்னா நேரா இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்ட்ல போய் நிக்கும், சரி பண்ற ஆயுதமெல்லாம் மவுண்ட் ஆகாத ரூட்டுக்குள்ள. சாவியை உள்ள வச்சே வீட்டைப் பூட்டின கதை.

2019ஐயும் மறந்துட்டீங்க. ஜிசிசி 9 கம்பைலர்ல கம்பைல் பண்ண கர்னலோட ஃபெடோரா 30ல பிகேச் டேட்டாவையே கெடுத்துச்சே.

கொசுவலை:
பிகேச் பராமரிப்பாளர் கோலி லி அந்த வருஷமே பேட்ச் போட்டு முடிச்ச விஷயம் அது. ரூட் எழாத விஷயத்துல நீங்க சொல்றது நிஜம், ஆனா ஒரே வரி வேலை. சிஸ்எஃப்எஸ்ல (கர்னல் தன் செட்டிங்கை ஃபைலா காட்டற இடம்) ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷன் பேருக்குக் கீழ பிகேச் டைரக்டரி, அதுக்குள்ள ரன்னிங்னு ஒரு ஃபைல். அதுல 1னு எகோ பண்ணா பிகேச்0 வந்துரும், எக்ஸிட் அடிச்சா பூட் தொடரும். அந்த பிராம்ப்ட்லயே செய்யலாம்.

மீன்குழம்பு:
ரைட்பேக் (முதல்ல எஸ்எஸ்டியில மட்டும் எழுதி, அப்புறமா ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பறது) பக்கம் மட்டும் போயிடாதீங்க. எங்க ஏரியால கரண்ட் போறதுக்கு நேரம் காலமே கிடையாது.

கொசுவலை:
கரண்ட்டுக்கும் ரைட்பேக்குக்கும் முடிச்சு போடாதீங்க சார். எஸ்எஸ்டியில எழுதினது கரண்ட் போனாலும் அங்கதான் இருக்கும், அடுத்த பூட்ல பிகேச் விட்ட இடத்துலேர்ந்து எடுத்துக்கும். ஃப்ளஷ் (இப்பவே நிரந்தரமா எழுதுங்கற கட்டளை) வந்தா எழுதாமலே எழுதிட்டேன்னு பொய் சொல்ற மட்டமான எஸ்எஸ்டிதான் எமன்.

மீன்குழம்பு:
அவர் வச்சிருக்கறதே லேப்டாப்ல கழட்டிப் போட்டது!

திண்ணை:
நல்ல கேள்வி. தம்பி, ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் (டிஸ்க்கோட உடம்பு நிலை அறிக்கை) போடுங்க.

அரைடிக்கெட்:
பாத்தேன். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்து இடம் குடுத்தது) 14. போன வாரம் 9தான் இருந்துச்சு.

கொசுவலை:
திண்ணை அண்ணே, இந்த எஸ்எஸ்டியில நேரா ரூட்டைப் போடச் சொன்னீங்களே! இது சாகிற அன்னிக்கு ரூட்டும் கூடவே போகும். ரைட்த்ரூ கேச்னா ஒரு எகோவோட முடிஞ்சுது.

திண்ணை:
ஒத்துக்கறேன், இந்த டிஸ்க்குக்கு நான் சொன்னது தப்பு. ஆனா வாரத்துக்கு அஞ்சு செக்டர் போற டிஸ்க்கை கேச்சாவும் வைக்க மாட்டேன். புதுசு வாங்குங்க. வாங்கினா மறுபடி என் முதல் பதிலைப் படிங்க.

அரைடிக்கெட்:
புதுசுக்கு அடுத்த மாசம்தாண்ணே. அதுவரைக்கும் ரைட்த்ரூல போட்டுப் பாக்கறேன், வெளி டிஸ்க் காப்பியை அழிக்கப் போறதில்ல. அந்த எகோ வரியை ஒரு பேப்பர்ல எழுதி டவர் மேல ஒட்டிட்டேன்.

திண்ணை:
ஹார்ட் டிஸ்க்கை எஸ்டிபின்னு (லினக்ஸ் வரிசையா வைக்கற டிஸ்க் பேரு) எழுதியிருப்பீங்க. எஸ்எஸ்டி போனா அது எஸ்டிஏ ஆயிடும். பேப்பரைத் திருத்துங்க.