பினாங்கு குளுகோர் பொங்கல் குழு: சூரியனைப் பார்த்து வீடியோ

தேவி: நாளைக் காலை பிளாட்டுக்குக் கீழே திடலில்தான் பானை வைக்கிறோம். பால் பொங்கும்போது பின்னால் சூரியன் தெரிகிற மாதிரி வீடியோ வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். குமரா, உன் கேமராவைக் கொண்டு வா.

குமரன்: சரி அக்கா. 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் போட்டால் சூரியன் பெரிதாகத் தெரியும். ஏழு மணிக்கே ஸ்டாண்டில் மாட்டி, பொங்கி முடிகிற வரைக்கும் ஓடவிடலாம் என்று இருக்கிறேன்.

செல்வம் மாமா: குமரா, அப்படி வைக்காதே, படத்தைப் பதிகிற சில்லு இருக்கிறதே, அந்த சென்சார் போய்விடும். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதம் எரிப்போமே, உள்ளே நடப்பது அதுதான். 200-இல் சூரியனின் பிம்பம் சென்சார் மேல் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் அகலத்தில் விழும், வாய் அகலமான லென்ஸ் என்பதால் உள்ளே வாங்கிக் குவிக்கிற வெப்பமும் அதிகம். 24-இல் எடுத்தால் பிம்பம் கால் மில்லிமீட்டர் கூட வராது.

குமரன்: சூரியன் நகர்ந்துகொண்டே இருக்குமே மாமா, ஒரே இடத்தில் நிற்காதே?

செல்வம் மாமா: நகரும், ஆனால் தன் அகலத்தைத் தானே கடக்க 2 நிமிடம் ஆகும். ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிற கேமராவுக்கு அது நிறைய நேரம். உன்னுடையது மிரர்லெஸ் வேறு. டிஎஸ்எல்ஆரில் புகைப்படம் எடுக்கும் நொடி வரைக்கும் உள்ளே இருக்கிற கண்ணாடி மறைத்துக்கொண்டிருக்கும், இதில் அந்த மறைப்பு இல்லை, கேமரா ஆனில் இருந்தால் ரெக்கார்ட் அமுக்காவிட்டாலும் வெயில் சென்சாரில்தான் விழும்.

பெரியம்மா: அப்படியென்றால் சூரியனை விட்டுவிட்டு எடுங்கள். கேமரா என்ன விலை!

செல்வம் மாமா: இல்லை அக்கா, சூரியப் பொங்கலைச் சூரியன் இல்லாமல் எடுத்து என்ன பயன்? ஏழரை வாக்கில் கிழக்கே செபராங் பிறைப் பக்கம் எழும்பும்போது சிவந்து மங்கலாக இருக்கும், அந்தக் கொஞ்ச நேரம் தாராளமாக எடுக்கலாம். பானையின் நிழல் தரையில் அழுத்தமாக விழ ஆரம்பித்ததும் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

குமரன்: ஷட்டர் வேகத்தை 1/4000 நொடிக்கு ஏற்றிவிட்டால்?

செல்வம் மாமா: அதை நம்பாதே. வீடியோவில் ஷட்டர் எலக்ட்ரானிக், படம்தான் கறுக்கும், வெயில் சென்சார் மேல் விழுந்துகொண்டேதான் இருக்கும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துவாரத்தை, மூடினால்தான் நிஜமாகக் குறையும். f/2.8-இலிருந்து f/11-க்குக் கொண்டுபோ, ஒளி 16-இல் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50 வைத்தால் அப்போதும் படம் வெளுக்கத்தான் செய்யும், அதற்கு லென்ஸின் முன்னால் என்டி பில்டர் என்கிற, ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியைப் போடு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் மூடியைப் போட்டுவிடு. வியூபைண்டரையும் வெயில் பார்க்க வைக்காதே, கண் வைக்கிற துவாரம் வழியாக வெயில் புகுந்து உள்ளே இருக்கிற சின்னத் திரையைச் சுட்டுவிடும், இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

பெரியம்மா: எங்கள் காலத்தில் கேமரா எரிந்தது என்று கேள்விப்பட்டதே இல்லையே தம்பி.

செல்வம் மாமா: அப்போது இன்னும் மோசம் அக்கா. 1969 நவம்பரில் அப்போலோ 12 நிலாவில் இறங்கியபோது ஆலன் பீன் கலர் டிவி கேமராவை இடம் மாற்றும்போது அது சூரியனைப் பார்த்துவிட்டது, உள்ளே இருந்த படம் பிடிக்கிற குழாய் கெட்டுப்போனது. அதற்கப்புறம் அவர்கள் நிலாவில் நடந்ததை யாரும் டிவியில் பார்க்க முடியவில்லை.

கவிதா: மாமா, என் போனில் எடுக்கலாமா?

செல்வம் மாமா: எடும்மா. போன் லென்ஸின் வாய் சின்னது, கொஞ்ச நேரம் எடுத்தால் ஒன்றும் ஆகாது. பைனாகுலர் வழியாக மட்டும் சூரியனைப் பிடிக்காதே, கண்ணையும் கொண்டுபோகாதே. சில கேமராவில் சூரியனுக்கு நடுவில் கறுப்புப் பொட்டு தெரியும், பயப்படாதே, ஒளி தாங்காமல் அந்த நேரத்துக்கு அப்படிக் காட்டுகிறது, திருப்பினால் போய்விடும். திருப்பிய பிறகும் அதே இடத்தில் புள்ளி நின்றால்தான் கவலை.

தேவி: பானைக்குப் பக்கத்தில் கரும்பு கட்டுவோமே, சூரியன் அதன் பின்னால் வருகிற மாதிரி நின்றால்?

செல்வம் மாமா: அருமை தேவி, அப்படியே செய்யலாம். தோகை பாதி மறைக்கும், ஓரத்தில் ஒளி பிய்த்துக்கொண்டு வரும், படமும் அழகு, சென்சாருக்கும் நல்லது. குமரா, கேமராவைத் தரையோடு தாழ்த்தி வை.

குமரன்: சரி மாமா, 24 எடுத்து வருகிறேன். என்னிடம் என்டி இல்லை, என் லென்ஸுக்கு 77 மில்லிமீட்டர் பில்டர் வேண்டும்.

செல்வம் மாமா: என்னிடம் இருப்பது 82, மாட்டுகிற வளையமும் இருக்கிறது. ஏழு மணிக்கு முன்னால் லிப்ட் பக்கம் வந்து வாங்கிக்கொள்.