ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளுக்குச் செயின் நீளம்: எந்த நிலையில் அளப்பது?

கேள்வி:
என் சைக்கிள் ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன், பின் இரண்டு சக்கரத்துக்கும் ஷாக் (அதிர்வு தாங்கி) உண்டு. பின்னால் பெரிய பல்சக்கரம் 46 பல் இருந்த இடத்தில் 51 பல் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) மாட்டியிருக்கிறேன், முன்னால் 32. பழைய செயினைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்குப் புதியதை வெட்டினால் போதுமா?

பதில் 1:
போதாது, பெரிய பல்சக்கரத்துக்குக் கூடுதல் செயின் வேண்டும். டெரெய்லருக்குள் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பின் கருவி) விடாமல், முன் பல்சக்கரத்தையும் பின்னால் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் இணைப்பு சேருங்கள்.

பதில் 2:
அது சரி, ஆனால் சைக்கிள் சும்மா நிற்கும்போது அளக்காதீர்கள். பின் ஷாக் அமுங்கும்போது பெரும்பாலான பிரேம்களில் பின் சக்கர அச்சு, பெடல் கைகள் சுழலும் நடு அச்சை விட்டு விலகிப் போகும். நின்ற நிலையில் கச்சிதமாக வெட்டிய செயின், பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் டெரெய்லரையே பிய்த்துவிடும்.

ஷாக்கின் காற்றை மெதுவாக முழுக்க இறக்குங்கள். காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் சீட்டை அழுத்திக்கொண்டே இரண்டு அச்சுக்கும் நடுவே டேப் வைத்துப் பாருங்கள். சில பிரேம்களில் கடைசி வரை அமுங்கும் முன்பே தூரம் உச்சத்துக்குப் போய்விடும். எங்கே அதிகமோ, அங்கே பட்டை போட்டுக் கட்டி அளவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எத்தனை இணைப்பு சேர்ப்பது?

பதில் 2:
டெரெய்லர் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குயிக் லிங்க் (செயினின் இரு முனையையும் சேர்க்கும் கழற்றி மாட்டும் இணைப்பு) போடுவதானால் செயினின் இரு முனையும் உள் இணைப்பாக (குறுகலான இணைப்பாக) இருக்க வேண்டும். வெட்டும் முன் இன்னொரு தடவை எண்ணிவிடுங்கள்.