பக்கக் கதையா, முதன்மைக் கதையா?

கல்லடி:
ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டை இரவிரவாக விளையாடுகிறேன். முதன்மைக் கதையைக் கொண்டுபோனால்தான் புதிய இடங்கள் திறக்கும், ஆனால் வழியில் வரும் சின்னச் சின்னக் கதைகளை விட்டுப்போக மனம் வரவில்லை. நீங்கள் எப்படி?

களுவாஞ்சிக்குடி:
தம்பி, முதன்மைக் கதைதான் முதலில். கூட்டாளிகள் ஹெவன்ஸ்வர்டு என்ற அடுத்த விரிவாக்கத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் பின்னால் நின்று தவித்தேன்.

கல்முனை:
அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. கிரிஸ்டல் டவர் விரும்பினால் மட்டும் செய்யும் பக்கக் கதையாகத்தான் இருந்தது. 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தின் கதைக்கு அது தேவைப்பட்டதால் 2020இல் கட்டாயமாக்கினார்கள். அதை முதலே செய்திருந்ததால்தான் எனக்குப் பிறகு கண் கலங்கியது. தம்பி, நீலக் கூட்டல் குறி உள்ள பக்கக் கதைகளை விடாதே, புதிய வசதிகள் அவற்றில்தான் திறக்கும்.

கல்லடி:
ஓம் அண்ணா, இன்றிரவே தொடங்குகிறேன்.