காசிமேட்டுப் படகு ஓவியங்களும் வண்ணாரப்பேட்டை நோட்டீஸ் கட்டும்: இரு அனுபவங்கள்

காசிமேட்டிலிருந்து:

சென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கும் எங்கள் பகுதியின் பெயர்ப்பலகைகளையும் சுவர் எழுத்துகளையும் படமெடுத்துச் சேர்த்துவரும் சிறு குழுவில் நானும் ஒருவன். மற்ற வேலைகளை நிதானமாகச் செய்யலாம். விசைப்படகு ஓவியங்களுக்கு மட்டும் காலக்கெடு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்பதால், அந்த இடைவெளியில்தான் படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்து, பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கிறார்கள். சென்ற ஆண்டின் ஓவியம் வேண்டுமென்றால் சுரண்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். தடைக்காலத்துக்கு முன்போ படகுகள் கடலில் இருக்கும், அல்லது ஒன்றையொன்று உரசியபடி துறைமுகத்தில் கட்டப்பட்டிருக்கும், பக்கவாட்டுப் பலகை முழுதாகக் கண்ணில் படாது.

ஆகவே கரையேறிய படகு சுரண்டப்படுவதற்கு முந்தைய சில மணி நேரமே எங்களுக்குக் கிடைக்கிறது. அப்படியொரு காலையில், மாதா படமும் உரிமையாளருடைய பிள்ளைகளின் பெயர்களும் பாதி உதிர்ந்திருந்த ஒரு முகப்பை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அதை வரைந்தவரே அருகில் வந்து, "பழசை ஏன் தம்பி எடுக்குறீங்க? போன வருசம் அவசரத்துல செஞ்சது அது. புதுசு முடிஞ்சதும் வாங்க, அதை எடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆவணம் சேர்க்கும் நமக்குப் பழமைதான் மதிப்பு. ஆண்டுதோறும் அதே பலகையில் வரைகிறவருக்கோ, கடைசியாகச் செய்ததே தன் கையின் அளவுகோல். இரண்டையும் எடுப்பது என்று முடிவு செய்தோம். இடையே, சுரண்டிய பலகையில் முந்தைய ஆண்டுகளின் நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்ததையும் எடுத்தோம்.

படத்தைவிட அவருடைய பேச்சில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது. சுண்ணாம்புத்தூள் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்ட பிறகு, எழுத்தின் அகலத்தை அவர் கண்ணாலேயே அளக்கிறார். கடலில் தொலைவிலிருந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே நீலத்தின் மேல் மஞ்சளைத் தடிமனாகப் போட்டு, ஷேடை ஒரே பக்கம் தள்ளுகிறாராம். பதிவு எண்ணைக் காட்டிக் கேட்டபோது, "அது கவர்மென்ட் எழுத்து" என்று முடித்துவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

மேலே எழுதிய நண்பருக்கு, வரைந்தவரே எதிரில் நின்று பேசினார். அச்சுத் தாள்களில் அந்த வசதி இல்லை. காலத்தைத் தாளிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் மூடப்பட்டுவிட்ட ஒரு சிறு அச்சகத்தின் உரிமையாளர், தாம் அடித்த நோட்டீஸ்களில் ஒவ்வொரு பிரதியைக் கட்டிவைத்திருந்தார். பலவற்றில் ஆண்டே இல்லை. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் வெறும் 'சென்னை-21' என்று இருப்பதால் மட்டும் அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது, பழக்கத்தால் பலர் பிறகும் அப்படியே எழுதினார்கள்.

'ணை', 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தம் இன்னும் சிக்கலானது. அரசாணை வந்தது 1978இல். பெரியாரோ தம் இதழ்களில் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். பெரியாரின் இயக்கச் சார்புள்ள நோட்டீஸில் புதிய 'லை' இருப்பது எந்தக் காலத்தையும் நிறுவாது. எதிர்த்திசையில், அரசாணைக்குப் பிறகும் தம்மிடமிருந்த பழைய ஈய எழுத்துகள் தேயும்வரை அவற்றையே கோத்ததாக உரிமையாளர் சொன்னார். அந்த ஈயத்தை எடைக்குப் போட்டுவிட்டாராம். "நோட்டீஸைப் போட மனசு வரல" என்றார்.

நோட்டீஸ் கட்டை வெளியே கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை, அது சரிதான் என்பது என் கருத்து. அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஸ்கேன் செய்கிறோம். கோப்புகளின் ஒரு பிரதி அவருடைய பேத்தியின் கணினியில் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்களை மட்டும் தனியாக எடுத்துவைத்திருக்கிறோம். அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் இதே தெருக்களில்தான் வாழ்கின்றன என்பதால், அவர்களைக் கேட்காமல் ஒன்றையும் பொதுப் பார்வைக்கு வைப்பதில்லை. மறுத்தவர்களுடைய தாள்கள் கட்டிலேயே இருக்கும்.