பழைய குடையில் தைத்த சாவிப் பை

போன ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விடாத மழை. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே நல்ல இருட்டு. மாத்திரை எடுக்கலாம் என்று தோள்பையைத் துழாவினால் பேனா வருகிறது, நனைந்த கைக்குட்டை வருகிறது, மாத்திரை மட்டும் வரவில்லை. கைக்குட்டையோடு வீட்டுச் சாவியும் வந்து கீழே விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாதான் குனிந்து தடவி எடுத்துக் கொடுத்தார். தேயிலை பறிக்கிறவர். "சாவிய இப்படியாம்மா போடுறது?" என்று கேட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துக் காட்டினார். கறுப்புக் குடைத் துணியில் தைத்தது. அவர் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பைக்குள் இருந்த ரூபாய் நோட்டு மொறமொறவென்று இருந்தது.

அன்று இரவே பரணிலிருந்து கம்பி ஒடிந்த குடையை இறக்கினேன்.

முதலில் சாவி, மாத்திரை அட்டை, பேனா, கொஞ்சம் சில்லறை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி அளந்துகொண்டேன். 7-க்கு 5 இன்ச் பை போதும். தையலுக்கு விட்டு 8-க்கு 6 வெட்ட வேண்டும். 8 கம்பிக் குடையின் ஒரு முக்கோணத் துண்டிலேயே இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது.

உள்பக்கத்துக்கு அப்பாவின் பழைய வேட்டி. உள்ளே வெள்ளையாக இருந்தால்தான் இருட்டிலும் சாவி கண்ணில் படும். கறுப்பு லைனிங் வைத்த கடைப் பைகள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான்.

வேட்டியைக் கோணாமல் வெட்டியது தனிக் கதை. ஊட்டியில் ஒருமுறை தோடர் பழங்குடி அம்மா ஒருவர் பூவேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியை இழுத்து மாட்டும் சட்டம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டுகிறார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அதைப் பார்த்த பிறகு துணியைப் பார்த்தால் எனக்கு இழைதான் முதலில் தெரிகிறது. வேட்டியில் ஒரே ஒரு இழையை ஊசியால் நெம்பி மெதுவாக உருவினேன். துணி லேசாகச் சுருங்கிக் கொடுத்தது, அப்புறம் இழை போன இடத்தில் மெல்லிய கோடு விழுந்தது. அதன் மேலேயே கத்தரி ஓடியது.

குடைத் துணிக்குக் குண்டூசி ஆகாது. குத்திய துளை அப்படியே நிற்கும், தண்ணீர் இறங்கும். துணி காயப்போடும் கிளிப்பே போதும். சூடான இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், சுருண்டுவிடும். வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் காட்டினால் பிசிறு உருகி அடங்கும். சுடருக்குள்ளேயே விட்டால் பற்றிக்கொள்ளும், கவனம்.

ஜிப் நைலானில் வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில் உலோக ஜிப் துருப்பிடித்து ரன்னர் நகராமல் போன பைகள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

கையால்தான் தைத்தேன், முழுக்கப் பின்தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் போய்க் குத்தி முன்னால் எடுப்பது. மூன்று பக்கமும் மூட்டி முடித்த பிறகுதான் ஜிப் மூடியிருப்பதைப் பார்த்தேன். பை உட்புறம் வெளியே இருக்கிறது, ரன்னர் உள்ளே மாட்டிக்கொண்டது, திருப்பிப் போட வழியில்லை. ஒரு பக்கத் தையலை முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஓரம் மூட்டும் முன் ஜிப்பைப் பாதியாவது திறந்து வையுங்கள்.

மாசியில் அதே பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பையை நீட்டினேன். வாங்கி, உள்ளே விரலை விட்டு ஓரம் முழுக்கத் தடவினார். கீழ் மூலைக்கு வந்ததும் நிறுத்தி, "இங்க இன்னொரு தையல் போட்டுரும்மா, சாவி குத்திக் குத்தி இங்கதான் விடும்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு மூலைக்கும் போட்டுவிட்டேன்.