தமிழில் மேற்பார்வை செய்யக்கூடிய உளவளத்துணையாளர் தேவை

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் சின்னதாக ஓர் உளவளத்துணை நிலையம் நடத்துகிறோம். டிப்ளோமா முடித்த பிள்ளைகள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் படித்து முடித்த கையோடு இன்னொருவரின் துயரத்துக்கு முன்னால் தனியே உட்காருவது லேசான காரியமில்லை.

போன கிழமை, மகனைப் பறிகொடுத்த அம்மா ஒருவரோடு பேசிவிட்டு வந்த தங்கச்சி, குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் வெகுநேரம் இருந்தார். அவருக்கு ஆறுதல் மட்டும் போதாது. கேட்பதை விட்டு எந்த இடத்தில் அறிவுரை சொல்லத் தொடங்கினார், எது அந்த அம்மாவின் வலி, எது தன்னுடையது என்று பிரித்துப் பார்க்க அனுபவசாலி ஒருவர் கூட இருக்கவேண்டும். இதைத்தான் மேற்பார்வை என்கிறோம். பிரிட்டனில் உளவளத்துணையாளர்களுக்கான பிஏசிபி (BACP) அமைப்பு, அங்கீகாரம் பெற்ற தன் உறுப்பினர்களுக்கே மாதம் குறைந்தது 1.5 மணி நேர மேற்பார்வை வேண்டும் என்கிறது. புதியவர்களுக்கு எவ்வளவு வேண்டும்!

நானே செய்யலாமே என்பீர்கள். சம்பளமும் லீவும் என் கையில் இருக்கும்போது அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்களா? வெளி ஆள்தான் சரி. இதுவரை கிடைத்தவர்கள் ஆங்கிலத்தில்தான் செய்கிறார்கள். தமிழில் நடந்த அமர்வை ஆங்கிலத்தில் விளக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

சூமில் என்றாலும் பரவாயில்லை, கட்டணம் தருவோம். தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். அப்புறம், அமர்வை ஒலிப்பதிவு செய்வதற்கான சம்மதப் படிவம் தமிழில் யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள்.