ஐபுக் ஜி4-இல் டெபியன்: 800 கேபி பார்ட்டிஷன் படுத்தும் பாடு

லினக்ஸ் போட டிஸ்க்கைப் பிரிக்கும்போது பட்ட பாட்டைப் பகிரும் இந்த இழையில், பாதிப் பேர் யூஇஎஃப்ஐ (இன்றைய கணினிகளை எழுப்பும் ஃபர்ம்வேர்) தகராறுகளைச் சொல்லிவிட்டீர்கள். என்னுடையது அதற்கு முந்தைய தலைமுறை. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த ஐபுக் ஜி4, பவர்பிசி சிப். 2006-இல் ஆப்பிள் இன்டெல் பக்கம் போவதற்கு முன் வந்த சரக்கு. பவர்பிசிக்கு டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) அதிகாரபூர்வமாகக் கொடுத்த கடைசிப் பதிப்பு 8, அதாவது ஜெஸ்ஸி (2015). அதைத்தான் போட்டேன்.

கணினியை எழுப்ப இதில் பயாஸ் கிடையாது, ஓப்பன் ஃபர்ம்வேர். பிசியில் நமக்குப் பழகிய எம்பிஆர் (பிசியின் பழைய பார்ட்டிஷன் அட்டவணை) பூட் முறை இங்கே எடுபடாது. ஆப்பிள் பார்ட்டிஷன் மேப், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் ஆப்பிளின் அட்டவணை, வேண்டும். அதில் முதல் பார்ட்டிஷன் அந்த மேப்புக்கே போய்விடும், நம் கணக்கு 2-இல்தான் தொடங்கும். டிஸ்க்கைப் பிரிக்கும் வழக்கமான எஃப்டிஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு மேக்-எஃப்டிஸ்க்கை எடுங்கள். 'ஐ' என்ற எழுத்தை அடித்தால் பழைய மேப்பைக் கடாசிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மேக் ஓஎஸ்ஸும் கூடவே இருக்கட்டும் என்பவர்கள் அந்த எழுத்துப் பக்கமே போக வேண்டாம். அடுத்து 'பி' (b). முதல் பிளாக் எது என்று கேட்கும். எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை, '2பி' (2p) என்று கொடுத்தால் போதும். 2-ஆவதாக நிற்கும் காலியிடத்தின் தொடக்கத்திலிருந்து 800 கேபியை வெட்டிக்கொள்ளும். எம்பி இல்லை, கேபிதான்!

அப்புறம் 'சி' அடித்து ஸ்வாப்பும் (ராம் போதாதபோது உதவும் இடம்) ரூட்டும் (லினக்ஸ் தங்கும் இடம்). இரண்டுக்கும் பார்ட்டிஷன் வகை ஒன்றே, ஆப்பிள் யூனிக்ஸ் எஸ்விஆர்2. வித்தியாசம் பெயரில்தான் தெரியும் என்பதால், ஸ்வாப் பார்ட்டிஷனுக்கு 'ஸ்வாப்' என்றே பெயர் வைத்தால்தான் இன்ஸ்டாலர் தானாகக் கண்டுகொள்ளும். கடைசியில் 'டபிள்யூ' அடிக்கும்வரை டிஸ்க்கில் எதுவும் ஏறாது, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 800 கேபி எதற்கு? அதில்தான் லினக்ஸைக் கிளப்பிவிடும் யாபூட் என்ற சின்ன புரோகிராம் உட்காரும். ஃபார்மட்டும் ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வைத்தால் ஃபர்ம்வேருக்குப் புரியாது. பலரும் இதை பூட் டைரக்டரி என்று நினைத்து மவுண்ட் செய்ய (லினக்ஸுக்குள் இணைக்க) பார்க்கிறார்கள். கூடவே கூடாது. ஃபார்மட் செய்வது, யாபூட்டை உள்ளே வைப்பது, ஃபர்ம்வேர் தேடும் அடையாளத்தைப் போடுவது எல்லாம் எம்கே-ஓஎஃப்பூட் கட்டளையின் வேலை. பிறகு யாபூட்டின் கான்ஃபிக் கோப்பை மாற்றும்போதெல்லாம் ஒய்பின் கட்டளையை ஓட்டினால் சரி. ஆன் செய்ததும் லினக்ஸுக்கு 'எல்', மேக்குக்கு 'எக்ஸ்', சிடிக்கு 'சி' என்று ஒரு சின்ன மெனு வரும். வராவிட்டால் கமாண்ட், ஆப்ஷன், ஓ, எஃப் நான்கையும் சேர்த்து அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள், ஃபர்ம்வேரின் வெள்ளைத் திரை வரும். அங்கிருந்தே 2-ஆம் பார்ட்டிஷனில் உள்ள யாபூட்டைக் கையால் கிளப்பலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்ப்போம் என்று மட்டும் இறங்காதீர்கள், ஐபுக்கைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆல்வின்னர் சிப் உள்ள ஆரஞ்சு பை என்ற சின்னக் கணினி போர்டில் இன்னொரு விசித்திரம். நண்பர் ஒருவர் எஸ்டி கார்டை ஜிபிடியில் (எம்பிஆருக்குப் பின் வந்த பார்ட்டிஷன் அட்டவணை முறை) பிரித்திருந்தார். யூ-பூட்டை (போர்டைக் கிளப்பும் பூட் கோடு) எழுதினால் போர்டு எழுந்துவிடும், ஆனால் ஜிபிடி கெட்டுவிட்டது என்று எஃப்டிஸ்க் புலம்பும். சரி என்று ஜிபிடியைச் சரிசெய்தால் போர்டு செத்துக் கிடக்கும். காரணம் இதுதான்: இந்த சிப் பூட் கோடை கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளித் தேடுகிறது, அது 16-ஆம் செக்டார் (ஒரு செக்டார் 512 பைட்). ஜிபிடியின் அட்டவணையோ 2 முதல் 33 வரை பரவிக்கிடக்கிறது. ஒரே மனைக்கு இரண்டு பட்டா! அட்டவணையின் முதல் சில வரிகள் தப்பிவிடுவதால் பார்ட்டிஷன்கள் அங்கேயே இருக்கும், சரிபார்ப்பு எண்ணான செக்சம் மட்டும் பொருந்தாது. கார்டின் கடைசியில் உள்ள நகலை வைத்து டூல் மறுபடி எழுதினால் பூட் கோடு காலி.

கார்டை எம்பிஆருக்கு மாற்றி, முதல் பார்ட்டிஷனை 2048-ஆம் செக்டாரில், அதாவது 1 எம்பியில் தொடங்கினோம். இரண்டு சண்டையும் தீர்ந்தது. ஜிபிடியே வேண்டும் என்றால், எச்3 போன்ற பிந்தைய சிப்புகள் 128 கேபியிலும் தேடிப் பார்க்கும், யூ-பூட்டை அங்கே எழுதிக்கொள்ளலாம்.